தக்காளியும் தோட்டமும்: ஒட்சியேற்ற எதிரிகளின் ஒப்பீடு பற்றி ஒரு சமூகவியல் நோக்கு

உணவு பற்றிய ஆய்வு இரசாயனவியலாளருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியதென்ற எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. வரலாறு இதற்கு மாறானது. ஏங்கெல்ஸ் 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றி எழுதியபோது, அத்தொழிலாளர் உண்ட உருளைக்கிழங்கின் தரத்தையும் கலப்படத்தையும் விரிவாக ஆராய்ந்தார். மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், இலண்டன் வெதுப்பகங்களின் பாணில் என்னென்ன கலக்கப்பட்டன என்பதைப் பாராளுமன்ற அறிக்கைகளைக் கொண்டு எடுத்துக் காட்டினார். அந்நூல் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் வர்த்தக நோக்கிலான தேயிலைச் செய்கையைத் தொடங்கினார். இது தற்செயலான ஒற்றுமையே. ஆயினும் பண்டம் பற்றிய கோட்பாடு அச்சேறிய ஆண்டும், நம் மலையகம் ஒரு பண்டத்தின் நாடாக மாறத் தொடங்கிய ஆண்டும் ஒன்றே என்பது மனங்கொள்ளத்தக்கது.

தக்காளியின் பல்வேறு வகைகளில் ஒட்சியேற்ற எதிரிகள் எவ்வெவ்வளவில் உள்ளன, அவ்வேறுபாடுகள் எதனால் ஏற்படுகின்றன, நுவரெலியா, ஹற்றன் முதலிய பகுதிகளின் தோட்டத் தொழிலாளருக்கு இவ்வொப்பீட்டின் பொருள் யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை நோக்குகின்றது.

1. சொல்லும் செடியும்

தக்காளி என்னும் சொல் நமக்குப் பழையது. அச்சொல்லால் இன்று நாம் குறிக்கும் பழம் புதியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து இப்பழம் வருமுன்னரே, மணத்தக்காளி, சிறுதக்காளி போன்ற உள்ளூர்ச் செடிகளுக்கு இப்பெயர் வழங்கிற்று. புதிய பழம் வந்தபோது அதனைச் சீமைத் தக்காளி என்றனர். காலப்போக்கில் ‘சீமை’ உதிர்ந்தது, விருந்தாளி வீட்டுக்காரரானார். சிங்களத்திலும் இச்சொல்லே சிறிய ஒலி வேறுபாட்டுடன் வழங்குகின்றது. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச் சாரலில் தோன்றி, மெக்சிக்கோவில் பயிர்ச்செடியாகப் பண்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்து, காலனித்துவக் கடல்வழிகளில் ஆசியாவுக்கு வந்த செடி இது. மலையகத் தமிழர் இங்கு கொண்டுவரப்பட்டதும் அக்காலனித்துவத்தின் வழியிலேதான்.

மலையகத்திலே மற்றொரு ‘தக்காளி’யும் உண்டு. குளிர்ந்த மலைப்பகுதி வீட்டுத் தோட்டங்களில் முட்டை வடிவில் காய்த்துத் தொங்கும் மரத்தக்காளி அது. அதுவும் அந்தீஸ் பிரதேசத்ததே. ஆயினும் வேறோர் இனம். ஒப்பீட்டில் அதற்கும் இடமளித்தல் வேண்டும்.

2. ஒட்சியேற்ற எதிரிகள் யாவை?

வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இரும்பு துருப்பிடிப்பதும் ஒட்சியேற்றத்தின் விளைவுகள். நம் உடற்கலங்களிலும் ஒட்சிசனைக் கொண்டு சக்தி பெறப்படுகையில் சுயாதீன மூலிகங்கள் எனப்படும் நிலையற்ற துகள்கள் தோன்றுகின்றன. இணையற்ற இலத்திரனைக் கொண்ட இவை, அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கி அவற்றிலிருந்து இலத்திரனைப் பறிக்கின்றன. அவ்வாறு பறிகொடுத்த மூலக்கூறு பிறிதொன்றைத் தாக்க, ஒரு சங்கிலித்தாக்கம் தொடர்கின்றது. தானே இலத்திரனை ஈந்தோ வேறு வகையிலோ இச்சங்கிலியை இடையில் அறுக்கும் பொருளே ஒட்சியேற்ற எதிரி.

தக்காளியிலுள்ள இத்தகைய பொருள்களை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, நீரில் கரையும் விற்றமின் சீ. இரண்டாவது, கொழுப்பில் கரையும் கரோட்டினொயிட்டுகள். பழத்துக்குச் செந்நிறம் தரும் லைக்கோப்பீனும் செம்மஞ்சள் நிறம் தரும் பீற்றா கரோட்டினும் இவற்றுள் தலையாயவை. மூன்றாவது, பெரிதும் தோலில் செறிந்திருக்கும் பீனோல் சேர்வைகள். லைக்கோப்பீன் வலிமைமிக்க ஒட்சியேற்ற எதிரியெனினும், உடலில் விற்றமின் ஏ ஆக மாறுவதில்லை. பீற்றா கரோட்டின் அவ்வாறு மாறும். ஆகவே, மிகச் சிவந்த பழமே எல்லா வகையிலும் சிறந்த பழமெனக் கொள்ளுதல் தவறாகும். எந்தச் சத்து எவருக்குத் தேவையென்ற வினாவைத் தவிர்த்துவிட்டுச் ‘சிறந்தது எது’ என்று கேட்பதில் பொருளில்லை.

3. வகைகளின் ஒப்பீடு

சாதாரணச் செந்தக்காளி 100 கிராமில் ஏறத்தாழ 94 கிராம் நீரே. எஞ்சியதில் சுமார் 14 மில்லிகிராம் விற்றமின் சீயும், இரண்டரை மில்லிகிராம் அளவில் லைக்கோப்பீனும், அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைந்த பீற்றா கரோட்டினும் உள்ளன. இவை சராசரிகளே, வகைக்கு வகை பன்மடங்கு வேறுபாடு காணப்படும்.

இவ்வேறுபாட்டின் அடிப்படை நிறமே. தக்காளிப் பழத்தில் கரோட்டினொயிட்டுகள் ஒரு தொடராக உருவாகின்றன. முதலில் நிறமற்ற பொருள் தோன்றி, படிப்படியாக லைக்கோப்பீனாகிச் சிவக்கின்றது. பின்னர் அதிலொரு பகுதி பீற்றா கரோட்டினாகின்றது. தொடரின் தொடக்கக் கண்ணி பழுதுபட்ட வகையில் பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். அதில் லைக்கோப்பீன் இல்லையென்றே கூறலாம். இடைக்கண்ணி பழுதுபட்டால், லைக்கோப்பீனின் முன்வடிவமொன்று தேங்கிப் பழம் செம்மஞ்சளாகும். கடைக்கண்ணி தளர்ந்தாலோ, லைக்கோப்பீன் மாற்றமடையாது திரண்டு பழம் கருஞ்சிவப்பாகும். ஆனால் பீற்றா கரோட்டின் குறையும். சந்தையில் இளஞ்சிவப்பாகத் தோன்றும் வகைகளின் சதை மற்றவற்றைப் போன்றதே. அவற்றின் தோலில் மஞ்சள் நிற பீனோல் சேர்வை இல்லாமையே அவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

பருமனும் முக்கியமானது. புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தோர் 2004ஆம் ஆண்டில் பன்னிரண்டு வகைகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், தோலில் சதையைக் காட்டிலும் கூடிய செறிவு காணப்பட்டது. நியூசீலாந்தில் 2005ஆம் ஆண்டில் வெளியான மூன்று வகைகள் பற்றிய ஆய்வொன்று, தோலும் விதையும் சேர்ந்து மொத்த பீனோல்களில் 53 சதவீதத்தையும், லைக்கோப்பீனில் 48 சதவீதத்தையும், விற்றமின் சீயில் 43 சதவீதத்தையும் கொண்டிருந்ததாகக் கண்டது. சிறிய பழத்தில் நிறைக்கு நிறை தோல் அதிகம். எனவேதான் செரித் தக்காளி வகைகள் இத்தகைய ஒப்பீடுகளில் அடிக்கடி முன்னிற்கின்றன. நம் சமையலில் தோலை உரித்து விதையைப் பிதுக்கி எறிவோர் பாதிப் பழத்தை எறிகின்றனர் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

ஊதாத் தக்காளி அண்மைக் காலத்தது. இங்கிலாந்தின் ஜோன் இன்ஸ் நிலையத்தில் கதி மார்ட்டின் குழுவினர், வேறொரு பூச்செடியின் பரம்பரையலகுகளைச் சேர்த்துச் சதை முழுவதும் அந்தோசயனின் கொண்ட தக்காளியை உருவாக்கி 2008ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன் விதை 2024ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுத்தோட்டக்காரருக்கு விற்பனைக்கு வந்தது. வழமையான இனக்கலப்பினால் உருவான ‘இண்டிகோ றோஸ்’ என்ற வகையில், ஒளிபடும் தோல் மட்டுமே ஊதாவாகும். இவற்றோடு ஒப்பிடுகையில், நமது மரத்தக்காளி எவருடைய காப்புரிமையுமின்றி வேலியோரத்தில் நிற்கின்றது. அதன் விற்றமின் சீ சாதாரணத் தக்காளியினதைப் போல் இருமடங்கு வரை செல்லும். அதன் செவ்வகைகளில் விதையைச் சூழ்ந்து அந்தோசயனினும் உண்டு.

4. மலையின் காலநிலை

ஒரே விதை இரு இடங்களில் இருவேறு பழங்களைத் தரும். லைக்கோப்பீன் உருவாக்கத்திற்கு ஏறத்தாழ 16 முதல் 26 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை உகந்தது. 32 பாகைக்கு மேல் அது தடைப்படும். பீற்றா கரோட்டின் மட்டும் தொடர்ந்து தோன்றுவதால் பழம் செம்மஞ்சளாக நிற்கும். 12 பாகைக்குக் கீழும் நிறமேறுதல் தளர்ந்துவிடும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவினது. தை மாத இரவுகளில் அது 10 பாகைக்குக் கீழும் இறங்கும். அங்கே திறந்த வெளித் தக்காளி மெல்லவே சிவக்கும். மூடுபனியும் மழையும் வெளிறல் நோயைக் கொண்டுவந்து செடியையே அழிப்பதுமுண்டு. ஆகவே பொலித்தீன் கூடாரங்களில் அதனை வளர்க்கின்றனர். சுமார் 1,270 மீற்றர் உயரத்து ஹற்றனில் வெப்பநிலை கூடுதல் சாதகமானது. ஆனால் தென்மேற்குப் பருவமழை அங்கு கடுமையானது. வலப்பனை, ஹங்குராங்கெத்த, வெலிமடை போன்ற வறண்ட சாரல்களில் தக்காளி மிகுதியாக விளைவதற்கு இதுவே காரணம். விற்றமின் சீயும் பீனோல்களும் பழத்தின் மீது விழும் ஒளியைப் பொறுத்துக் கூடும். எனவே, மழைக்கால மூட்டத்தில் விளைந்த பழத்தையும் வெயிற்காலத்துப் பழத்தையும் வகைப்பெயர் ஒன்றேயென்பதற்காகச் சமமாகக் கொள்ளலாகாது.

5. வகைத் தெரிவின் பொருளாதாரம்

வகை என்பது இயற்கையின் கொடை மாத்திரமன்று. அது ஒரு சமூகத் தெரிவும் ஆகும். பேராதனையை அடுத்த கன்னொறுவையில் இயங்கும் விவசாயத் திணைக்கள ஆராய்ச்சியாளர் திலினா, ராஜிதா, பாத்தியா, லங்கா சவர், லங்கா செரி முதலிய வகைகளை வெளியிட்டுள்ளனர். உலகெங்கும் இத்தகைய தெரிவில் முதலிடம் பெறுபவை விளைச்சல், நோயெதிர்ப்பு, பழத்தின் உறுதி, நீண்டநாள் தாங்கும் தன்மை ஆகியவை. விவசாயியின் நிலையிலிருந்து நோக்கின் இவை நியாயமான தேவைகளே. கெப்பட்டிப்பொலையிலிருந்தோ தம்புள்ளைப் பொருளாதார நிலையத்திலிருந்தோ லொறியில் பெட்டி பெட்டியாக அடுக்கிச் செல்லும் பழம் நசியுமாயின், நட்டம் விவசாயியின் தலையிலேயே விழும்.

ஆனால் இத்தெரிவுக்கு ஒரு விலையும் உண்டு. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இனவிருத்தியாளர், ஒரே சீராகப் பழுக்கும் வகைகளையே விரும்பித் தெரிந்தனர். காம்படியில் கரும்பச்சைத் தோளுடைய பழைய வகைகள் கழிக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அக்கரும்பச்சைக்குக் காரணமான பரம்பரையலகே பழத்தின் வெல்லத்தையும் கரோட்டினொயிட்டுகளையும் கூட்டுவதெனக் காட்டிற்று. பெட்டியில் அழகாகத் தோன்றுவதற்காகச் சுவையும் சத்தும் ஒருங்கே கைவிடப்பட்டன. அவை கைவிடப்பட்டதை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். மறுபுறத்தில், லைக்கோப்பீனை மிகுவிக்கும் ‘உயர்நிற’ விகாரங்கள் பல பத்தாண்டுகளாக அறியப்பட்டவை. அவற்றின் செடிகள் மெல்ல வளர்ந்து குறைய விளைவதால் சந்தை அவற்றை எளிதில் ஏற்கவில்லை.

பயன்பாட்டுப் பெறுமதிக்கும் பரிவர்த்தனைப் பெறுமதிக்குமுள்ள முரண்பாட்டை விளக்குவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. உண்பவனுக்குச் சத்தும் சுவையும். விற்பவனுக்கு நிறையும் உறுதியும். கிலோவுக்கு விலை என்ற அளவுகோலில் லைக்கோப்பீனுக்கு இடமில்லை. நீர் மிகுந்த பெரிய பழமே அங்கு வெல்லும்.

6. அளவீடும் விளம்பரமும்

சத்தை அளந்து பெட்டியில் அச்சிட்டுவிட்டால் இம்முரண்பாடு தீர்ந்துவிடுமா? அனுபவம் அவ்வாறு கூறவில்லை. பரிசோதனைக் குழாயில் ஓர் உணவு எத்தனை மூலிகங்களை அடக்குகின்றது என்பதை எண்ணாக்கும் முறைகள் பல உள. ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் இத்தகைய எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்த பட்டியலொன்றை 2012ஆம் ஆண்டில் விலக்கிக்கொண்டது. அவ்வெண்கள் மனித உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்பதும், வணிக நிறுவனங்கள் அவற்றை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தின என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீற்றா கரோட்டின் குளிசை கொடுத்து நடத்திய பெரும் ஆய்வு, 1994ஆம் ஆண்டில், நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியதெனக் கண்டது. உணவிலிருந்து பிரித்தெடுத்துக் குளிசையாக்கிய சத்து உணவுக்கு ஈடாகாது.

மலையகத்தாருக்கு இவ்விடயம் நெருக்கமானது. தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வரலாறு 1925ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. தேயிலைக் கொழுந்தின் உலர்நிறையில் நான்கிலொரு பங்கு அளவில் பீனோல் சேர்வைகள் உள்ளன என்பது நன்கு ஆராயப்பட்ட செய்தி. ‘ஒட்சியேற்ற எதிரிகள் நிறைந்தது’ என்ற வாசகம் இன்று தேயிலைப் பொதிகளின் முகப்பில் ஒரு விற்பனைச் சொல். அதே பீனோல்கள் அக்கொழுந்தைப் பறிப்பவளின் உடலில் ஆற்றும் பணி யாது என்பது பொதியில் எழுதப்படுவதில்லை.

7. லயத்துச் சமையலறை

கோதுமை மா ரொட்டி, சம்பல், சாயத் தேத்தண்ணி: தோட்டத் தொழிலாளரின் அன்றாட உணவில் இம்மூன்றுக்கும் பெரும் இடமுண்டு. மாவிலும் அரிசியிலும் பருப்பிலும் உள்ள தாவர இரும்புச்சத்து இயல்பாகவே உடலில் குறைந்த அளவிலேயே உறிஞ்சப்படும். உணவோடு தேநீர் அருந்தினால், அதன் பீனோல் சேர்வைகள் இரும்பைப் பற்றிக்கொண்டு அவ்வுறிஞ்சலைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கக்கூடும். 1975ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க ஆய்வாளர் இதனை வெளிப்படுத்தினர். பின்வந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன. மாதவிடாயாலும் மகப்பேற்றாலும் இரும்பை இழந்து, நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இதன் விளைவு குருதிச்சோகை. அதன் வழி களைப்பும் நிறைகுறைந்த குழந்தையும்.

இவ்விடத்திலேதான் தக்காளி முக்கியத்துவம் பெறுகின்றது. விற்றமின் சீ, தாவர இரும்பை உடல் ஏற்கக்கூடிய வடிவில் வைத்திருந்து அதன் உறிஞ்சலைக் கூட்டுகின்றது. தேநீரின் தடையையும் ஓரளவு ஈடுசெய்கின்றது. ஆகவே, மலையகத்துக்குரிய ஒப்பீட்டில் லைக்கோப்பீனை விட விற்றமின் சீயே முதல் அளவுகோலாதல் வேண்டும். இவ்வளவுகோலின்படி விலையுயர்ந்த ஊதாத் தக்காளிக்குச் சிறப்பிடமில்லை. வாசலில் காய்க்கும் சிறுதக்காளி வகைகளும், மரத்தக்காளியும், 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கும் மேல் விற்றமின் சீ கொண்ட கொய்யாவும் முன்னே வரும்.

சமைத்தலின் விளைவும் கருதத்தக்கது. கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், தக்காளியை 88 பாகையில் முப்பது நிமிடம் சூடாக்கியபோது விற்றமின் சீ 29 சதவீதம் குறைந்தது. எனினும் மொத்த ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றல் 62 சதவீதம் கூடிற்று. கலச்சுவர்கள் உடைந்து லைக்கோப்பீன் வெளிப்படுவதே காரணம். சிறிது எண்ணெய் சேர்ந்தால் அது உடலில் எளிதில் சேரும். தாளித்த தக்காளிக் குழம்பு லைக்கோப்பீனுக்கு உகந்தது. ரொட்டியோடு உண்ணும் பச்சைத் தக்காளிச் சம்பல் இரும்புக்கு உகந்தது. தேத்தண்ணியை உணவோடு அருந்தாது ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் செலவில்லாத மருந்து. ஆனால் மலையில் வேலைநேரத்தைத் தொழிலாளி வகுப்பதில்லை. கிடைக்கும் சிறு இடைவேளையில் ரொட்டியும் தேத்தண்ணியும் ஒன்றாகவே உட்செல்கின்றன. ஆகவே இந்த அறிவுரை கூடத் தொழில் நிலைமைகளோடு பிணைந்ததே.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ மலையகச் சிறுகதை வரலாற்றில் நிலைபெற்ற பெயர். கூடையின் நிறை அங்கு ஒரு வாழ்க்கையின் அளவாகின்றது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கப்படுகின்றது, ‘பேர்’ கணக்கிடப்படுகின்றது, மழை கூட அளக்கப்படுகின்றது. தொழிலாளியின் தட்டில் என்ன விழுகின்றதென்பதை மட்டும் தோட்டம் அளப்பதில்லை. நாட்டளவில் அளந்தபோது தெரியவந்தது இது: 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற வளர்த்தியற்றோர் நாடளாவிய நிலையில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம்.

இத்தனைக்கும் மரக்கறி விளையும் நிலம் அவர்களைச் சூழவே உள்ளது. கந்தப்பளையிலும் இராகலையிலும் கோவாவும் கரட்டும் லீக்சும் விளையும் பாத்திகளில் கூலிக்கு உழைப்போரில் தோட்டத்தவர் பலர். லயத்தைச் சுற்றியுள்ள சிறு துண்டுகளில் சொந்தமாகப் பயிரிடுவோரும் உளர். ஆயினும் அந்நிலத்தில் அவர்களுக்கு உறுதியான உரிமை இருந்ததில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களைத் தேசிய உடைமையாக்கின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. இவ்விரு மாற்றங்களிலும் தொழிலாளிக்கு நிலம் கிட்டவில்லை. 2015ஆம் ஆண்டுக்குப் பின் தனிவீடுகளுக்காக ஏழு பேர்ச்சஸ் காணி என்ற கொள்கை வகுக்கப்பட்டது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு போக எஞ்சுவது சில பாத்திகளே. அச்சில பாத்திகளும் எல்லோருக்கும் எட்டவில்லை.

நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே, 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. விலை ஏறுகையில் ஏழைக் குடும்பம் முதலில் குறைப்பது மாவையன்று. மரக்கறியையும் பழத்தையும் மீனையுமே. பசி அடங்கும், சத்துக் குறையும். பட்டினி கண்ணுக்குத் தெரியும்; இக்குறை குருதியில் ஒளிந்திருக்கும்.

8. முடிவுரை

தக்காளி வகைகளிடையே ஒட்சியேற்ற எதிரிகளின் அளவு பெரிதும் வேறுபடுகின்றது. பரம்பரையலகு, பழத்தின் பருமன், வெப்பநிலை, ஒளி, சமையல் ஆகியவை அவ்வேறுபாட்டை நிர்ணயிக்கின்றன. இவை அறிவியல் தரும் செய்திகள். எந்த வகை விதைக்கப்படும், எவர் தட்டில் விழும் என்பவற்றை நிர்ணயிப்பன சந்தையும் நிலவுடைமையும் கூலியுமே.

இதிலிருந்து செய்யத்தக்கன சில தெளிவாகின்றன. புதிய வகைகளை வெளியிடுகையில் விளைச்சலோடு விற்றமின் சீ, கரோட்டின் அளவுகளையும் அறிவித்தல் வேண்டும். சீத்தா எலியாவிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் விதையும் அறிவும் தோட்டப் பாடசாலைகளுக்கும் லயங்களுக்கும் தமிழில் சென்று சேர்தல் வேண்டும். தவறணையில் தேயிலை நாற்றைப் பேணும் கைகளுக்குத் தக்காளி நாற்றுப் பேணுதல் கடினமன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நாற்றை ஊன்றுவதற்கு எவரும் பிடுங்கிவிட முடியாத நிலம் வேண்டும். தேயிலையின் பீனோல்களை நுணுகி அளக்க ஒரு நூற்றாண்டாக நிறுவனமும் நிதியும் கண்ட நாடு, அதைப் பறிப்பவளின் குருதியிலுள்ள இரும்பையும் அதே அக்கறையோடு அளக்கத் தொடங்கும்போதே, இவ்வொப்பீடுகள் மலையகத்துக்குப் பயன்படும்.